பலகை ஏன் வளைகிறது? பட்டை ரம்பத்தின் அகலக் கணக்கு

ஜார்ஜ்டவுன் நகரம் 2008ஆம் ஆண்டு ஜூலை மாதம், மலாக்காவுடன் சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. மாணவர்களே, இந்தச் செய்தி உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் பட்டியலில் பெயர் வந்ததோடு வேலை முடிந்துவிடுவதில்லை. பழைய கடைவீடுகளில் சன்னல் சட்டம் உளுத்துப்போகிறது. மாடிப் பலகையைக் கரையான் அரிக்கிறது. மரப்படிகள் தேய்கின்றன. அவற்றைப் பழுதுபார்க்கும் தச்சருக்குப் பழைய பலகை எந்த வகை மரமோ அதே மரம், அதே கனத்தில் வேண்டும்.

இந்த நாட்டில் பழைய கட்டடங்களுக்குப் பெயர்போன மரம் செங்கால். (செங்கல் அல்ல, செங்கால். கரையானுக்கும் மழைக்கும் எளிதில் அசையாத மரம்.) இது தீபகற்ப மலேசியாவின் காடுகளில் மெதுவாக வளர்வது, விலையும் அதிகம். எனவே இடித்த வீடு ஒன்றிலிருந்து கிடைத்த கனமான உத்தரத்தை நெடுக்குவாட்டில் அறுத்து, மெல்லிய பலகைகளாக்கிப் பயன்படுத்துவது உண்டு. தச்சர்கள் இதைக் 'கிழிப்பது' என்பார்கள். அறுப்பது வேறு, கிழிப்பது வேறு. கட்டையைக் குறுக்கே துண்டுபோட்டால் அறுப்பு. பலகையை அதன் விளிம்பில் நிறுத்தி, முழு உயரத்துக்கும் ரம்பத்தை ஓட்டி, ஒரு தடித்த பலகையை இரண்டு மெல்லிய பலகைகளாக்கினால் கிழிப்பு.

இந்த வேலைக்கு ஏற்ற இயந்திரம் பட்டை ரம்பம், அதாவது பேண்ட் சா. அதில் மாட்டும் பிளேடு எத்தனை மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்பதுதான் இந்த வாரப் பாடம். கேள்வி சின்னதுதான். ஆனால் தவறான பிளேடை மாட்டிவிட்டால், ஒரு முனையில் 10 மில்லிமீட்டரும் மறு முனையில் 6 மில்லிமீட்டருமாக, நடுவில் தொப்பை விழுந்த பலகை வெளியே வரும். ஒரு மனித ஆயுளைவிட அதிக காலம் வளர்ந்த மரம் அடுப்புக்குப் போகும்.

நாடா போன்ற ரம்பம்

பட்டை ரம்பத்தின் அமைப்பு எளிமையானது. மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம். இரண்டையும் சுற்றி, முனைகள் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்ட எஃகு நாடா ஓடுகிறது. நாடாவின் ஒரு விளிம்பில் பற்கள். மேசைமேல் வைத்த மரத்தை நாம் தள்ள, பற்கள் எப்போதும் மேலிருந்து கீழாகவே வெட்டுகின்றன. அதனால் மரம் மேசையோடு அழுந்தி நிற்கிறது, துள்ளுவதில்லை.

இந்த யோசனைக்கு லண்டனில் வில்லியம் நியூபெரி என்பவர் 1809இலேயே காப்புரிமை பெற்றுவிட்டார். ஆனாலும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுக் காலம் அந்த இயந்திரம் பயனுக்கு வரவில்லை. காரணம், நாடாவின் இரு முனைகளையும் இணைத்த இடம் திரும்பத் திரும்ப ஒடிந்தது. 1846இல் ஆன் போலின் கிரெப்பான் என்ற பிரெஞ்சுப் பெண்மணி முனைகளைப் பற்றவைக்கும் நல்ல முறை ஒன்றைக் கண்டுபிடித்துக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். பாரிஸின் பெரான் நிறுவனம் அதை வாங்கியது. அதோடு எஃகின் தரமும் உயர, பட்டை ரம்பம் உலகெங்கும் பரவியது. சக்கரமும் பற்களும் தயாராக இருந்தும் ஓர் ஒட்டு சரியாக அமையாததால் ஓர் இயந்திரம் ஏறத்தாழ நாற்பது ஆண்டு காத்திருந்திருக்கிறது!

வட்ட ரம்பம் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 150 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு கட்டையிலிருந்து 6 மில்லிமீட்டர் பலகைகள் வேண்டும். வட்ட ரம்பத்தின் ஒவ்வொரு வெட்டும் சுமார் 3.2 மில்லிமீட்டர் மரத்தைத் தூளாக்கும். சிறிய பட்டை ரம்பத்தின் வெட்டு சுமார் 1.2 மில்லிமீட்டர். வட்ட ரம்பத்தில் 16 பலகைகள் கிடைக்கும். பட்டை ரம்பத்தில் 21. இழைப்புளிக்காக விடவேண்டிய கனத்தை இங்கே கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தால் எண்கள் இரண்டும் குறையும், வித்தியாசம் இருக்கவே செய்யும். அந்த ஐந்து பலகைகளுக்காகத்தான் பட்டை ரம்பம்.

அளவுகோலை எடுங்கள்

இனி அகலத்துக்கு வருவோம். உங்கள் பையிலுள்ள 30 சென்டிமீட்டர் பிளாஸ்டிக் அளவுகோல் போதும். இரண்டு புத்தகங்களைச் சற்று இடைவெளிவிட்டு வைத்து, அவற்றின்மேல் அளவுகோலைப் படுக்கவைத்து, நடுவில் விரலால் அழுத்துங்கள். உடனே வளைகிறது. இப்போது அதே அளவுகோலை விளிம்பில் நிறுத்திப் பிடித்து அழுத்துங்கள். அசையவில்லை, அல்லவா?

பொருள் அதேதான், அளவும் அதேதான். மாறியது விசை வரும் திசைதான். செவ்வக வடிவக் குறுக்குவெட்டு உடைய ஒரு சட்டத்தின் விறைப்பு, விசையின் திசையில் உள்ள அளவின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. அந்த அளவு இரண்டு மடங்கானால் விறைப்பு 2 × 2 × 2, அதாவது எட்டு மடங்கு. மூன்று மடங்கானால் இருபத்தேழு மடங்கு.

பிளேடுக்கும் இதே விதிதான். மரத்தைத் தள்ளும்போது அது பிளேடின் பல் விளிம்பில் மோதி, பிளேடைப் பின்னுக்குத் தள்ளுகிறது. அந்தத் திசையில் இருக்கும் அளவு பிளேடின் அகலம். 6 மில்லிமீட்டர் பிளேடோடு ஒப்பிட்டால், அதே தடிமனுள்ள 12 மில்லிமீட்டர் பிளேடு எட்டு மடங்கு விறைப்பானது. கிழிப்பதற்கு அகலமான பிளேடு என்று தச்சர்கள் சொல்வதன் அடிப்படை இதுதான்.

இன்னும் ஒன்று செய்து பாருங்கள். விளிம்பில் நிற்கும் அளவுகோலை இன்னும் பலமாக அழுத்துங்கள், பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளாமல். அது கீழ்நோக்கி வளையாது. திடீரென்று பக்கவாட்டில் முறுக்கிக்கொண்டு சாயும். கிழிக்கும்போது பலகையில் தொப்பை விழுவது இப்படித்தான். மேலே மேசைக்கருகில் வெட்டு நேராக இருக்கிறது, வெளியே பார்ப்பவருக்கு எல்லாம் சரி. மரத்தின் உள்ளே, நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பிளேடு முறுக்கிக்கொண்டு வில்போல் வளைந்து ஓடுகிறது. பலகையைப் பிரித்த பிறகுதான் ஒன்றின் வயிறு புடைத்திருப்பதும் மற்றொன்று குழிந்திருப்பதும் தெரியும்.

முறுக்கைத் தடுக்க இரண்டு வழிகள். ஒன்று, பிளேடை நன்றாக இழுத்துக் கட்டுவது. ஒரு காகித நாடாவின் இரு முனைகளையும் பிடித்து இறுக இழுத்து, நண்பனை அதன் விளிம்பைத் தட்டச் சொல்லுங்கள். தளர விட்டும் தட்டச் சொல்லுங்கள். வித்தியாசம் கையிலேயே தெரியும். மற்றொன்று, பிளேடைத் தாங்கும் மேல் கைடை மரத்துக்கு மிக அருகில், சுமார் 6 மில்லிமீட்டர் உயரத்தில் இறக்கிவைப்பது. தாங்குமிடங்களுக்கு இடையேயுள்ள நீளம் இரட்டிப்பானால், இழுத்துக் கட்டிய கம்பி போலக் கணக்கிட்டால் வளைவு இரண்டு மடங்கு. விறைப்பான சட்டம் போலக் கணக்கிட்டால் எட்டு மடங்கு. பிளேடு இரண்டுக்கும் நடுவில் உள்ளது. எப்படிப் பார்த்தாலும் கைடைத் தேவையில்லாமல் உயர்த்தி வைப்பது நட்டம், விரலுக்கும் ஆபத்து.

அப்படியானால் மிக அகலமானதையே மாட்டலாமே?

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். சிறு பட்டறைகளில் பரவலாகக் காணப்படும் பட்டை ரம்பத்தின் சக்கர விட்டம் 14 அங்குலம், அதாவது சுமார் 350 மில்லிமீட்டர். அதன் விவரச் சீட்டில் '19 மில்லிமீட்டர் வரை பிளேடு மாட்டலாம்' என்று பெரும்பாலும் போட்டிருக்கும். மாட்டலாம், உண்மைதான். சரியாக இழுத்துக் கட்ட முடியுமா என்பது வேறு கேள்வி.

சாதாரணக் கார்பன் எஃகுப் பிளேடு நேராக ஓட, அதன் குறுக்குவெட்டில் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்கும் சுமார் 100 நியூட்டன் இழுவிசை வேண்டும். இயற்பியல் பாடத்தில் இதைத் தகைவு என்று படிப்பீர்கள். 12 மில்லிமீட்டர் அகலமும் 0.6 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள பிளேடின் குறுக்குவெட்டுப் பரப்பு 7.2 சதுர மில்லிமீட்டர். எனவே 720 நியூட்டன் இழுவிசை. சக்கரத்தின் இரு பக்கமும் பிளேடு இறங்குவதால் மேல் சக்கரத்தின்மேல் விழும் விசை அதைப்போல இரண்டு மடங்கு, 1,440 நியூட்டன். ஏறத்தாழ 147 கிலோகிராம் எடையைத் தொங்கவிட்டது போல.

இப்போது 19 மில்லிமீட்டர் பிளேடு. அகலம் கூடும்போது தடிமனும் கூடும்; இதன் தடிமன் 0.8 மில்லிமீட்டர். பரப்பு 15.2 சதுர மில்லிமீட்டர். மேல் சக்கரத்தின்மேல் விழுவது 3,040 நியூட்டன், அதாவது சுமார் 310 கிலோகிராம் எடை. சிறிய இயந்திரத்தின் சுருள்வில்லும் வார்ப்புச் சட்டமும் இவ்வளவைத் தாங்க அமைக்கப்பட்டவை அல்ல. வில் முழுவதும் நசுங்கிவிடும், சட்டம் நெளியும், பிளேடு மட்டும் இன்னும் தளர்வாகவே இருக்கும். தளர்ந்த 19 மில்லிமீட்டரைவிட, விறைப்பாக இழுத்துக் கட்டிய 12 மில்லிமீட்டர் நேராகக் கிழிக்கும். அனுபவமுள்ள பலர் 14 அங்குல இயந்திரத்தில் 12 மில்லிமீட்டரோடு நின்றுவிடுவதற்குக் காரணம் இதுதான். என்னைக் கேட்டால் அவர்கள் பக்கம்தான் நியாயம்.

இன்னொரு காரணம் சக்கரத்தின் வளைவு. நேராக ஓடிவரும் பிளேடு சக்கரத்தில் ஏறும்போது வளைகிறது, இறங்கும்போது நிமிர்கிறது. வளையும்போது அதன் வெளிப்புறம் நீள்கிறது, உட்புறம் சுருங்குகிறது. இதனால் உண்டாகும் தகைவு, எஃகின் யங் குணகத்தைத் தடிமனால் பெருக்கிச் சக்கர விட்டத்தால் வகுத்தால் கிடைக்கும். எஃகுக்கு யங் குணகம் சதுர மில்லிமீட்டருக்கு 2,00,000 நியூட்டன். 350 மில்லிமீட்டர் சக்கரத்தில் 0.6 மில்லிமீட்டர் பிளேடுக்குச் சுமார் 343, 0.8 மில்லிமீட்டர் பிளேடுக்கு 457. நாம் இழுத்துக் கட்டும் 100ஐவிட இது மிக அதிகம் என்பதைக் கவனியுங்கள்.

இது ஒருமுறை நடந்து முடிவதும் அல்ல. பிளேடின் நீளம் 2.8 மீட்டர், ஓடும் வேகம் நொடிக்கு 15 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு ஐந்து சுற்றுக்கு மேல். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு சக்கரங்களிலும் ஒவ்வொரு முறை வளைகிறது. ஒரு மணி நேரத்தில் 38,000 முறைக்கு மேல்! ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒடிவதை நீங்களே செய்து பார்த்திருப்பீர்கள். உலோகச் சோர்வு என்பது அது. தடித்த பிளேடு, சிறிய சக்கரம் இரண்டும் சேர்ந்தால் பற்களின் அடியில் நுண் விரிசல் தொடங்கி, ஒருநாள் 'டப்' என்று அறுந்துவிடும்.

பழைய கைவிதி ஒன்று உண்டு: பிளேடின் தடிமன் சக்கர விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. அதன்படி பார்த்தால் 350 மில்லிமீட்டர் சக்கரத்துக்கு 0.35 மில்லிமீட்டர்தான் வருகிறது. சிறிய இயந்திரங்களின் பிளேடுகள் பெரும்பாலும் இந்த விதியை மீறியவை. அவற்றின் ஆயுள் குறைவாக இருப்பதில் வியப்பில்லை. மரம் அறுக்கும் ஆலைகளில் சக்கரமே ஒரு மீட்டருக்கு மேல் விட்டம் கொண்டது. அதனால் அங்கே ஒரு மில்லிமீட்டர் தடிமனும் 100 மில்லிமீட்டருக்கு மேல் அகலமும் உள்ள பிளேடுகள் நிம்மதியாக ஓடுகின்றன. அவற்றைத் தீட்டி, உருளையால் அழுத்திச் சீர்செய்து தருவதற்கென்றே ஆலைகளில் தனித் தொழிலாளி இருப்பார். அவருக்குப் பெயர் 'சா டாக்டர்'. ரம்பத்துக்கு வைத்தியர்!

ஆக, விடை 'மிக அகலமானது' அல்ல. உங்கள் இயந்திரம் முழு இழுவிசையோடு கட்டக்கூடிய பிளேடுகளில் எது அகலமானதோ அது.

வளைவு வெட்ட வேண்டுமென்றால்

அகலம் தரும் நேர்மையே வளைவுக்கு எதிரி. பற்கள் வெட்டிய தடம் பிளேடின் தடிமனைவிடச் சிறிது அகலமாக இருக்கும். பற்களை ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமுமாகச் சாய்த்து வைப்பதால் அந்த இடம் கிடைக்கிறது. அந்தச் சிறு இடைவெளிக்குள்தான் பிளேடு திரும்ப வேண்டும். அகலமான பிளேடின் முதுகு தடத்தின் சுவரில் இடித்துக்கொள்ளும்.

6 மில்லிமீட்டர் பிளேடு சுமார் 16 மில்லிமீட்டர் ஆரமுள்ள வளைவைத் திருப்பும். 12 மில்லிமீட்டருக்கு 64. பார்த்தீர்களா, அகலம் இரண்டு மடங்கு, ஆரம் நான்கு மடங்கு. இங்கே வேலை செய்வது இருமடிப் பெருக்கம். 25 மில்லிமீட்டருக்கு அதே கணக்கு 256 மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டும். ஆனால் பிளேடு அட்டவணைகளில் சுமார் 184தான் இருக்கும். பெரிய பிளேடில் பற்களை இன்னும் அகலமாகச் சாய்ப்பதால் தடம் பெரிதாகிறது. அதனால் இந்தச் சலுகை. நாற்காலியின் வளைந்த கால், பொம்மைக் குதிரையின் கழுத்து இவற்றுக்கெல்லாம் ஒல்லியான பிளேடு. கிழிப்புக்கு அது ஆகாது.

பல் எண்ணிக்கையில் ஒரு பொறி

அகலத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்தும் பலகை கோணுவதுண்டு. அப்போது பற்களை எண்ணிப் பாருங்கள். நிறையப் பற்கள் இருந்தால் வழவழப்பாக அறுக்கும் என்று நினைப்பது இயல்பு. மெல்லிய பலகையில் அது சரி. 200 மில்லிமீட்டர் உயரமுள்ள கட்டையைக் கிழிக்கும்போது கதை தலைகீழ்.

ஒரு பல் மரத்துக்குள் நுழைந்து வெளியேறும்வரை, அது சீவிய தூள் முழுவதையும் பல்லுக்கு முன்னாலுள்ள குழிதான் சுமந்துகொண்டு போக வேண்டும். அங்குலத்துக்கு 3 பற்கள் என்றால் பல்லுக்குப் பல் இடைவெளி சுமார் 8.5 மில்லிமீட்டர். நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் சுமார் 1,765 பற்கள் கடக்கும். நிமிடத்துக்கு 2 மீட்டர் வீதம் மரத்தைத் தள்ளினால், ஒவ்வொரு பல்லும் சீவுவது 0.019 மில்லிமீட்டர். தலைமுடியைவிட மெல்லியது. ஆனால் அதை 200 மில்லிமீட்டர் உயரத்துக்குச் சீவுகிறது. குழியில் சேர்வது சுமார் 3.8 சதுர மில்லிமீட்டர் அளவு மரம். தூளான மரம் உதிரியாகி மூன்று மடங்கு இடத்தை அடைத்தால் 11 சதுர மில்லிமீட்டருக்கு மேல் வேண்டும். 8.5 மில்லிமீட்டர் நீளமும் 4 மில்லிமீட்டர் ஆழமும் உள்ள குழியில், பல்லின் உடல் போக மீதிப் பரப்பு பாதி என்றாலும் 17. இடம் இருக்கிறது.

இப்போது அங்குலத்துக்கு 6 பற்கள். ஒவ்வொரு பல்லும் சீவுவது பாதியாகிறது. தூளுக்குத் தேவையான இடம் சுமார் 5.7. ஆனால் குழியின் நீளமும் பாதி, ஆழமும் பாதி. பரப்பு நான்கில் ஒன்று, சுமார் 4.3. நிரம்பி வழிகிறது! வெளியேற வழியில்லாத தூள் பிளேடுக்கும் மரத்துக்கும் நடுவில் சிக்கி, சூடேற்றி, பிளேடை ஒரு பக்கமாகத் தள்ளுகிறது. தள்ளுபவர் இன்னும் பலமாகத் தள்ளுகிறார். அளவுகோல் பக்கவாட்டில் சாய்ந்தது நினைவிருக்கிறதல்லவா? அதேதான் இங்கேயும். கிழிப்புக்கு அங்குலத்துக்கு 2 முதல் 4 பற்கள் என்று சொல்வதன் காரணம் இந்தக் குழிக்கணக்கு.

தாத்தா பால் வெட்டிய மரம்

உங்களில் பலருடைய தாத்தா பாட்டிகள் தோட்டத்தில் பால் வெட்டியவர்களாக இருக்கலாம். பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையிலும் அதை அடுத்த கெடாவிலும் ரப்பர்த் தோட்டங்கள் நிறைய இருந்தன. ரப்பர் மரம் 25 முதல் 30 ஆண்டுகள் வரை பால் தரும். பிறகு வெட்டி மறுநடவு செய்வார்கள். வெட்டிய மரம் ஒரு காலத்தில் விறகுதான்; ரப்பர்த் தாள்களைப் புகைபோடும் அடுப்புக்கே போனது. 1980களிலிருந்து அதே மரம் மேசை நாற்காலிகளாக வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகிறது. இன்று உங்கள் வீட்டு உணவு மேசையே ரப்பர் மரமாக இருக்க வாய்ப்புண்டு.

விறகு நாற்காலியானது எப்படி? அறுக்கும் முறையும் பதப்படுத்தும் முறையும் தேறியதால்தான். ரப்பர் மரத்தை அறுத்தவுடன் போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தில் ஏற்றிப் பதப்படுத்த வேண்டும். தாமதித்தால் பூஞ்சை படர்ந்து நீலம் பாரிக்கும், வண்டு துளைக்கும். அறுக்கும்போது ஈரமான பால் பிளேடில் ஒட்டிப் பிசினாக உறையும். மரத்துக்குள் வளர்ச்சியின்போது சேர்ந்த தகைவும் உண்டு. கிழித்த மாத்திரத்தில் அது விடுபட்டுப் பலகை வில்லாக வளையும்.

இந்த வளைவையும் பிளேடு தந்த தொப்பையையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பிரித்தறிவது எளிது. கிழித்தவுடன் இரண்டு பலகைகளையும் பழையபடி ஒன்றோடொன்று சேர்த்து வையுங்கள். ஒன்றின் புடைப்பு மற்றதன் குழியில் அச்சாகப் பொருந்தினால் குற்றம் பிளேடுடையது. இரண்டு பலகைகளின் கனமும் எல்லா இடத்திலும் சமமாக இருந்து, பலகை முழுவதுமாக வளைந்திருந்தால் அது மரத்தின் குணம். எந்தப் பிளேடை மாற்றியும் பயனில்லை. உலர்ந்ததாகத் தோன்றும் கனமான கட்டையின் உள்ளே ஈரம் மிச்சமிருந்தாலும் இப்படி ஆகும். அதனால்தான் தச்சர்கள் தேவையைவிடச் சற்றுக் கனமாகக் கிழித்து, நடுவே குச்சிகள் வைத்து அடுக்கி, சில நாள் காற்றாட விட்டு, பிறகு இழைக்கிறார்கள்.

மரத்துக்கு மரம் வேறுபாடு உண்டு. காற்றில் உலர்ந்த ரப்பர் மரம் கனமீட்டருக்கு 560 முதல் 640 கிலோகிராம். செங்கால் 915 முதல் 980, தண்ணீரின் அடர்த்திக்கு மிக அருகில். செங்காலைக் கிழிக்கும்போது மரத்தைத் தள்ளும் வேகத்தைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை. கெருயிங் மரத்தில் பிசின் அதிகம், பல்லில் அப்பிக்கொள்ளும். வெள்ளை மெரந்தி பார்ப்பதற்கு மிருதுவானது, தொட்டால் சாது. ஆனால் அதன் திசுக்களில் சிலிக்கா, அதாவது மணலின் மூலப்பொருள் கலந்திருக்கிறது. சாதாரண எஃகுப் பற்களை விரைவில் மழுக்கிவிடும். ஆலைகளில் இத்தகைய மரங்களுக்காகப் பல் நுனியில் ஸ்டெல்லைட் என்ற கோபால்ட்-குரோமியக் கலவையை உருக்கி ஏற்றுகிறார்கள்.

பழைய வீட்டு உத்தரத்தில் வேறொரு பகை ஒளிந்திருக்கும்: ஆணி. ஒரே ஆணி ஒரு புதிய பிளேடின் பற்களை வரிசையாகக் கொண்டுபோய்விடும். கிழிக்கும் முன் பலமான காந்தத்தைக் கட்டைமேல் மெதுவாக நகர்த்திப் பார்க்கலாம். பித்தளை, செம்பு ஆணிகளைக் காந்தம் காட்டாது; அவற்றுக்குக் கண்தான் காவல்.

பட்டறையில் நிற்கும்போது

பள்ளிப் பட்டறையில் பட்டை ரம்பம் இருந்தால் ஆசிரியர் உடன் இல்லாமல் அதைத் தொடவே கூடாது. பிளேடு மாற்றும்போது மின்செருகியைக் கழற்றிவிட வேண்டும். கழற்றிய பிளேடு சுருள்வில் போலத் துள்ளும். கையுறை, கண்ணாடி இரண்டும் தேவை. இயந்திரம் ஓடும்போது கையுறை கூடாது. தளர்ந்த சட்டைக் கை, கழுத்துச் சங்கிலி, அவிழ்ந்த கூந்தல் எதுவும் வேண்டாம். கிழிப்பின் கடைசி 10 சென்டிமீட்டரைக் கையால் தள்ளாமல் தள்ளுகட்டையால் தள்ளுங்கள், ஏனெனில் பிளேடு மரத்தைவிட்டு வெளியே வரும் அந்த நொடியில்தான் எதிர்ப்பு திடீரென்று மறைந்து கை முன்னே பாயும். முகக்கவசம் அணியுங்கள். மரத்தூளை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் சேர்த்திருக்கிறது.

இந்த வாரக் கணக்கு

120 மில்லிமீட்டர் கனமுள்ள மெரந்திக் கட்டையிலிருந்து 9 மில்லிமீட்டர் பலகைகள் வேண்டும். வெட்டின் அகலம் 1.5 மில்லிமீட்டரானால் எத்தனை பலகைகள்? 3 மில்லிமீட்டரானால் எத்தனை? பலகைகளைவிட வெட்டுகள் ஒன்று குறைவு என்பதை மறக்காதீர்கள்.

அடுத்து, 16 மில்லிமீட்டர் அகலமும் 0.5 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள ஒரு பிளேடு. சதுர மில்லிமீட்டருக்கு 100 நியூட்டன் இழுவிசை வேண்டும். மேல் சக்கரத்தைத் தாங்கும் சுருள்வில் 1,500 நியூட்டன் வரைதான் தாங்கும். இந்தப் பிளேடை அந்த இயந்திரத்தில் மாட்டலாமா? மாட்டக்கூடாது என்றால், அதே தடிமனில் எத்தனை மில்லிமீட்டர் அகலம்வரை மாட்டலாம்?